மாவித் தீவில் நம் விராலி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேறி வருவது அறிந்து நிம்மதி. நான் இன்னும் மகளோடு ஹவாயின் மாவித் தீவில்தான் இருக்கிறேன். சென்ற சனிக்கிழமை, ஹலேயகலா எரிமலையின் தென்சரிவிலுள்ள ஔவாஹியில், அழிந்துவரும் தொல்காட்டை மீட்க நாற்று நடும் தன்னார்வலர்களோடு நானும் போனேன். அவர்கள் என் கையில் கொடுத்த முதல் நாற்று எது தெரியுமா? நம் விராலி.

இங்கே அதை அஅலிஇ என்கிறார்கள். நாம் சிறுவயதில் கரட்டில் விறகுக்கு ஒடித்த, எலும்பு முறிவுக்கு உன் பாட்டி அரைத்துக் கட்டிய, அதே பிசுபிசுப்பான இலை. அதே சிறகு வைத்த காய். மனிதர் கொண்டுவராமல் தானாகவே இத்தீவுகளை அடைந்த செடியாம்.

மாடுகளுக்காகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கக் கிக்குயுப் புல் இச்சரிவை மெத்தைபோல் மூடிவிட்டதால், உதிரும் விதை மண்ணைத் தொடவே வழியில்லாமல் போயிற்று. தப்பி முளைத்தவற்றை மாடும் ஆடும் மேய்ந்துவிட்டன. கிழ மரங்கள் நின்றன, அவற்றுக்கு வாரிசு இல்லை. 1997-இல் சூழலியலாளர் ஆர்ட் மெடெய்ரோஸ், உலுபலகுவா பண்ணையின் இசைவோடு, அங்கே பத்து ஏக்கரை வேலியிட்டு வேலையைத் தொடங்கினார். புல்லைக் களைக்கொல்லியால் மடியவைத்து, காய்ந்த புல்லையே மூடாக்காக விட்டு, அதனூடே விராலியை நெருக்கமாக நடுவது அவர்கள் முறை. களைக்கொல்லி என்றதும் நான் முகம் சுளித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயிருள்ள அந்தப் புல்மெத்தையை ஒருமுறை கொத்திப் பார்த்தபின் வாதாடவில்லை. வெயிலைத் தாங்கி விரைவில் வளரும் விராலி, நிழல் பரப்பிப் புல்லை மறுபடி தலையெடுக்க விடுவதில்லை; அந்த நிழலில்தான் மெதுவாக வளரும் பிற மரங்கள் தேறுகின்றன. பழைய நடவுக்குள் அழைத்துப்போய், யாரும் நடாமல் தாமே முளைத்திருந்த கன்றுகளைக் காட்டினார்கள். அங்கிருந்து கிளம்ப எனக்கு மனமே வரவில்லை.

வேலி ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டேன், மானுக்காம். நாம் கிண்டியில் நின்று ரசித்த அதே புள்ளிமானை 1959-இல் வேட்டைக்காக இத்தீவில் விட்டிருக்கிறார்கள். அது இன்று பெருகிக் காட்டையே மேய்கிறது. நம் நாட்டு மான் என்று சொல்லிக்கொள்ளச் சற்றே கூச்சமாக இருந்தது.

விராலிமலைப் பக்கம் போனால் அந்த இலையைக் கசக்கி எனக்காக ஒருமுறை முகர்ந்து பார். உறையில் வைத்து மட்டும் அனுப்பிவிடாதே. வெளியூர் இலை, விதை எதுவானாலும் இங்கே சோதனையில் பிடித்துவிடுவார்கள்.

அன்புடன்,
ராமலிங்கம்