மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு

கோத்தகிரி,
ஐப்பசி மாதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் பத்தாம் வகுப்புக் கவலை, உன் முதுகுவலி, பெங்களூரு மாவள்ளிப் போக்குவரத்து எல்லாவற்றையும் படித்தேன். அலுவலகத்தில் ஆளெடுக்கும் குழுவில் உன்னையும் சேர்த்துவிட்டார்கள் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் பேனாவைத் தேடினேன். நீ மேசைக்கு அந்தப் பக்கம் போன நேரத்தில் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா தேறிவிட்டார். பச்சைத் தேயிலைக்கு என்ன விலை போட்டார்கள் என்று தினமும் கேட்டு, தினமும் கோபப்படுகிறார். அந்த அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. அதனால் நான் மறுபடி மென்பொருள் வேலை தேடுகிறேன்.

நேர்காணலின் முதல் சுற்றில் மனிதர்களே கிடையாது. கணினி கேள்வி கேட்கிறது, கேமரா என் கண்களைக் காவல் காக்கிறது. யோசிக்கும்போது ஜன்னல் பக்கம் பார்ப்பது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். பார்த்தால் எச்சரிக்கை வருகிறது. கோத்தகிரிக்குப் பெரிய மழையே வடகிழக்குப் பருவமழைதான். இந்த மாதத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு தேர்வின் நடுவே அப்படிப் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால், நான் தேர்வை விட்டு வெளியேறியதாகப் பதிவாகியிருந்தது. முறையிட மின்னஞ்சல் முகவரிகூட இல்லை.

அடுத்தது, ஆள் எதிரே இருக்கும் சுற்று. லிங்க்டு லிஸ்ட் என்ற தரவுச் சங்கிலியைத் திருப்பிப் போடு, பைனரி ட்ரீ என்ற இருகிளைத் தரவு மரத்தை இடவலமாக மாற்று, அதையும் வாய்விட்டு யோசித்துக்கொண்டே செய். இத்தனை வருட வேலையில் இவற்றை நான் கையால் எழுத வேண்டி வந்ததே இல்லை. நள்ளிரவில் பணப் பரிமாற்றம் நின்றுபோனால் எந்தப் பதிவை முதலில் புரட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை யாரும் கேட்பதில்லை. குன்னூரில் தேயிலை ருசி பார்க்க ஆளெடுத்தால் கோப்பையைக் கையில் கொடுப்பார்கள்; தேயிலையின் தாவரவியல் பெயரைத் தலைகீழாக எழுதச் சொல்ல மாட்டார்கள்.

நாம் கல்லூரி முடித்த காலத்தில் வேறு பைத்தியம் இருந்தது, நினைவிருக்கிறதா? ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் கொள்ளும் என்ற வகைக் கேள்விகள். 2013இல் கூகுளின் மனிதவளத் தலைவர் லாஸ்லோ பாக், அவற்றால் ஒன்றையும் கணிக்க முடியாது, சுத்த நேர விரயம் என்று நியூயார்க் டைம்ஸ் பேட்டியில் சொல்லிவிட்டார். பந்து போனது, ட்ரீ வந்தது.

கேள்வி கடினம் என்பதல்ல என் வழக்கு. தெரிந்த விடைகூட, ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையைவிட்டுப் போகிறது. இது என் கூச்சம் மட்டும்தானா என்று தேடியபோது ஓர் ஆய்வு கிடைத்தது. 2020இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து செய்தது. 48 மாணவர்களுக்கு ஒரே மாதிரிக் கேள்வி. பாதிப் பேர் தேர்வாளர் முன்னிலையில் பலகையில் எழுதி, வாய்விட்டு விளக்க வேண்டும். மீதிப் பேர் தனியறையில் எழுதலாம். ஆள் முன்னால் எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெண்கள் கணக்கு இன்னும் மோசம்: தனியாக எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள், ஆள் முன்னால் எழுதியவர்களில் ஒருத்திகூடத் தேறவில்லை. எண்ணிக்கை சிறியதுதான், ஆய்வாளர்களே அதைச் சொல்கிறார்கள். ஆனாலும் படித்துவிட்டு அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரே ஒருவர் வேறு மாதிரி நடத்தினார். சில நூறு வரி நிரலை அனுப்பி, "இதில் ஓரிடத்தில் கணக்குத் தப்புகிறது, கண்டுபிடியுங்கள், அரை மணியில் வருகிறேன்" என்று சொல்லிக் கேமராவை அணைத்துவிட்டுப் போய்விட்டார். தேநீர் போட்டுக்கொண்டேன், ஜன்னலைப் பார்த்தேன், தவறைப் பிடித்தேன். திரும்பி வந்ததும் ஏன் இப்படித் திருத்தினீர்கள், அப்படிச் செய்தால் என்ன என்று விவாதித்தோம். சக ஊழியரோடு பேசுவது போலவே இருந்தது. அந்த வேலை சம்பளப் பேச்சில் நின்றுபோனது, அது வேறு கதை.

மனிதவளத்துறைப் பெண்ணிடம் பேசும் சுற்று சுருக்கமானது. பழைய சம்பளச் சீட்டு, 90 நாள் நோட்டீஸா, வேலையில் ஏன் இடைவெளி. அப்பாவைப் பார்த்துக்கொண்டேன் என்றேன். தட்டச்சுச் சத்தம் கேட்டது. அதன்பின் பல இடங்களிலிருந்து பதிலே இல்லை. வேண்டாம் என்ற ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

உன் பக்கத்து நியாயமும் புரிகிறது. செயற்கை நுண்ணறிவு சொல்லும் விடையைத் திரையோரத்தில் பார்த்து வாசிக்கிறார்கள், அதனால் சில நிறுவனங்கள் மறுபடி நேரில் வரச் சொல்கின்றன. வரட்டும் என்கிறாய். எனக்கு அது மேட்டுப்பாளையத்துக்கு முதல் பஸ், அங்கிருந்து கோவை, அப்புறம் இரவு ரயில். நாற்பது நிமிடப் பேச்சுக்கு.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். நீ எடுக்கும் நேர்காணலில் கேள்வியைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடமாவது அவர்களைத் தனியே விடு. உங்கள் நிரலிலிருந்தே ஒரு நிஜமான தவறை எடுத்துக் கொடு. முடிவு எதுவானாலும் அந்த வாரத்துக்குள் எழுதச் சொல். மேலிடம் ஒப்புக்கொள்ளாது என்று நீ சொல்வாய். முதல் இரண்டுக்கும் மேலிடத்தைக் கேட்கவே வேண்டியதில்லை.

மே மாதம் வருவதாக இருந்தால், கர்நாடகப் பதிவு வண்டி நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க மறக்காதே. பந்திப்பூரில் இரவு 9 மணிக்கு மேல் விடமாட்டார்கள், மதியமே மைசூரைத் தாண்டிவிடு. அதற்குள் எனக்கு வேலை கிடைத்திருந்தால் விருந்து என் செலவு. இல்லையென்றால் உன் செலவு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி