பணம் வாங்கும் முன் உயரத்தைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே விடுமுறைக்கு முதன்முதலாகப் பிள்ளைகளுடன் சிங்கப்பூர் போகிறோம். செந்தோசா தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்காதான் அவர்களுக்கு எல்லாமே. முன்பணம் வாங்கிய டிராவல்ஸ்காரர் உயரக் கட்டுப்பாடு பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானேதான் தையல் டேப்பை எடுத்து, பெரியவனைக் கதவு நிலையில் நிறுத்தி அளந்தேன். 118 செ.மீ. அங்குள்ள ‘மம்மி’ ரோலர் கோஸ்டரில் ஏறக் குறைந்தது 122 வேண்டும். எக்கி எக்கி நின்று பார்த்தான், முகம் வாடிவிட்டது. இங்கேயே அழுதது நல்லது. அங்கே வரிசையில் நின்றபின் திருப்பி அனுப்பினால் பிள்ளை தாங்குமா?

சின்னவளுக்கு இன்னும் 4 வயது ஆகவில்லை, நுழைவுச்சீட்டே தேவையில்லை. அவளுக்கும் பணம் வாங்கியிருந்தார்கள். கேட்ட பிறகுதான் திருப்பித் தந்தார்கள்.

அப்புறம் பாஸ்போர்ட். சிறுவர்களுக்கு 5 ஆண்டுதான் செல்லும். பயணத்தின்போது 6 மாதமாவது மீதம் இருக்க வேண்டும். பெரியவனுடையதில் 4 மாதம்தான் இருந்தது. புதுப்பிக்க அலைந்தோம்.

கடலூர், புதுச்சேரி பக்கம் சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தில் போகிற குடும்பங்கள் உண்டு. குழந்தையின் வயது, உயரம், பாஸ்போர்ட் தேதி மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே டிராவல்ஸ்காரர்கள் பணம் வாங்க வேண்டும். தங்கள் சுற்றுலாப் பக்கத்திலும் இவற்றை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இரு பிள்ளைகளின் தாய்,
மஞ்சக்குப்பம், கடலூர்.