கடலோர அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடப்பிரிவு தொடங்கவும், மாதிரிப் பள்ளிச் சேர்க்கை கடலோரப் பிள்ளைகளுக்கும் எட்டவும் வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவரும், கீழே கையொப்பமிட்டுள்ள பெற்றோரும்,
தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கடலோரக் கிராமம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
இராமநாதபுரம்.

பொருள்: எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரும் கல்வியாண்டு முதல் கணிதம், உயிரியல் அடங்கிய அறிவியல் பிரிவைத் தொடங்குதல், பள்ளி நேரத்துக்கு ஏற்பப் பேருந்து இயக்குதல், அரசு மாதிரிப் பள்ளித் தெரிவு பற்றிய விவரங்களை உரிய காலத்தில் பெற்றோருக்குத் தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாக் நீரிணைக் கரையில் நாட்டுப்படகிலும் விசைப்படகிலும் தொழில் செய்யும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள். பெண்களில் பலர் நண்டு உடைக்கும் வேலைக்கும் கருவாட்டு வேலைக்கும் போகிறோம். எங்கள் பிள்ளைகள் அனைவரும் ஊரில் உள்ள அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். அந்தப் பள்ளியின் மீதோ ஆசிரியர்கள் மீதோ எங்களுக்குக் குறை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பத்தாம் வகுப்புவரை எங்கள் பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் அவர்களே. அதற்குப் பிறகு பிள்ளை என்ன படிக்கலாம் என்பதை முடிவு செய்வது பிள்ளையின் விருப்பமாகவோ மதிப்பெண்ணாகவோ இல்லாமல் பேருந்தாக இருப்பதுதான் எங்கள் குறை.

எங்கள் பள்ளியில் மேல்நிலை வகுப்பில் இருப்பவை வணிகவியல் பிரிவும் கலைப் பிரிவும் மட்டுமே. முதல் குரூப் என்று நாங்கள் சொல்லும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் பிரிவு இல்லை. கணினி அறிவியலோடு கூடிய பிரிவும் இல்லை. வணிகவியல் தாழ்ந்த படிப்பு என்று நாங்கள் நினைக்கவில்லை. கணக்குப்பதிவியல் படித்து நல்ல நிலைக்கு வந்த பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் வேறு எதுவும் இல்லாததால் எடுத்துக்கொள்ளும் பாடத்தைப் பிள்ளை தேர்ந்தெடுத்த பாடம் என்று பதிவேட்டில் எழுதுவது பொருந்தாது.

இந்த மனுவை எழுதும் எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் பத்தாம் வகுப்பில் அறிவியலில் 93 மதிப்பெண் எடுத்தாள். உயிரியல் படிக்க வேண்டும் என்று விரும்பியதால் நகரத்தில் உள்ள அரசுப் பள்ளியில் சேர்த்தோம். காலை ஏழேகால் பேருந்து எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு வரும்போதே படிக்கட்டுவரை ஆள் நிற்கும். சில நாள்களில் நிற்காமலே போய்விடும். அடுத்த பேருந்தைப் பிடித்தால் முதல் பாடவேளை முடிந்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைய முடியும். மாலையில் சிறப்பு வகுப்பு முடித்துக் கிளம்பினால் வீடு வந்து சேர இரவு எட்டு மணியைத் தாண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் நிறுத்தத்தில் விளக்கும் கிடையாது. மூன்று மாதம் ஈடுகொடுத்துப் பார்த்தாள். அதன் பிறகு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கே வந்து வணிகவியலில் சேர்ந்தாள். இப்போது இளையவன் பத்தாம் வகுப்பில் இருக்கிறான். ஆண் பிள்ளை என்பதால் அவனை நகரத்தில் உறவினர் வீட்டில் தங்க வைத்துப் படிக்க வைக்கலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். அந்த யோசனை மகளுக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், அரசு அல்ல. ஆயினும் ஊரிலேயே அந்தப் பிரிவு இருந்திருந்தால் அப்படி ஒரு கேள்வி எழுந்தே இருக்காது.

இதில் தங்கள் கவனத்துக்குக் குறிப்பாகக் கொண்டுவர விரும்புவது ஒன்று உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கிடைத்தது. 2021-இல் அதே முன்னுரிமை பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இதைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு இது பொருந்தாது. எங்கள் ஊர்ப் பள்ளியில் அறிவியல் பிரிவு இல்லை என்பதற்காக ஒரு தகப்பன் கடன் வாங்கித் தன் மகளை அருகிலுள்ள தனியார் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ பதினொன்றாம் வகுப்பில் சேர்த்தால், அதற்கு முன் ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தும் அந்தப் பிள்ளை அன்றைக்கே இந்த முன்னுரிமையை இழந்துவிடுகிறாள். தனியார் பள்ளியாக இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாயும் சேர்ந்து போகிறது. ஊரிலேயே இருந்து வணிகவியல் படித்தாலோ, முன்னுரிமை கையில் இருக்கும், ஆனால் அதைக் கொண்டு மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ மீன்வளத்துக்கோ விண்ணப்பிக்க உரிய பாடம் இருக்காது. அரசு எங்களுக்கென்று கொடுத்த உரிமையை எந்தப் பக்கம் திரும்பினாலும் பயன்படுத்த முடியாத நிலையில் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சொந்த மாவட்டத்திலேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது என்று எங்கள் ஊரிலும் மகிழ்ந்தோம். அங்கே சேர நீட் தேர்வு எழுத வேண்டும். நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மீன்வள அறிவியல் படிக்கவும் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு வேண்டும். பரம்பரை பரம்பரையாக மீன் பிடிக்கும் ஊரின் பிள்ளை மீன்வளம் படிக்க விண்ணப்பிக்கக்கூட முடியவில்லை என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

இந்தக் கோரிக்கையை முன்பு வாய்மொழியாக வைத்தபோது, அறிவியல் பிரிவு தொடங்கப் போதிய மாணவர் எண்ணிக்கை இல்லை என்று பதில் சொல்லப்பட்டது. கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என ஐந்து முதுநிலை ஆசிரியர் பணியிடங்களும் ஆய்வகமும் தேவைப்படும்போது எண்ணிக்கையைப் பார்ப்பது இயல்பே. ஆனால் அந்த எண்ணிக்கை எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணினால், அறிவியல் கேட்டு வெளியூர் போனவர்களும் படிப்பையே நிறுத்தியவர்களும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். இல்லாத பிரிவுக்கு யாரும் விண்ணப்பம் தருவதில்லை. விண்ணப்பம் இல்லை என்பதால் பிரிவும் வருவதில்லை. எனவே எங்கள் பள்ளியிலும், எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் சுற்றுவட்டார உயர்நிலைப் பள்ளிகளிலும் இப்போது பத்தாம் வகுப்பில் இருப்பவர்களிடமும், ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்களிடமும் எழுத்து மூலம் விருப்பம் கேட்டு, அந்தக் கணக்கின் அடிப்படையில் முடிவெடுக்குமாறு வேண்டுகிறோம். விருப்பக் கடிதங்களை வாங்கிக் கொடுக்கும் வேலையைப் பள்ளி மேலாண்மைக் குழு ஏற்றுக்கொள்ளும்.

ஐந்து பணியிடங்களையும் ஒரே ஆண்டில் தோற்றுவிக்க இயலாதெனில், முதல் ஆண்டில் அருகிலுள்ள பள்ளிகளின் முதுநிலை ஆசிரியர்களை வாரத்தில் குறிப்பிட்ட நாள்களுக்கு மாற்றுப்பணியில் அனுப்பலாம். செய்முறைத் தேர்வுக்கான பயிற்சியை அறிவியல் பிரிவு உள்ள பள்ளியின் ஆய்வகத்தில் சனிக்கிழமைகளில் நடத்தலாம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் ஆசிரியர் வைத்துக்கொள்ளுங்கள் என்ற யோசனையை மட்டும் எங்கள் மீது வைக்க வேண்டாம். பருவத்துக்கு ஒரு வருமானம் உள்ள ஊரில் அந்தச் சம்பளத்தை மாதந்தோறும் திரட்ட முடியாது.

அறிவியல் பிரிவு தொடங்கும்வரை வெளியூர் சென்று படிக்கும் பிள்ளைகளுக்காகவாவது, காலையில் பள்ளி தொடங்குவதற்கு முன்பும் மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்த பின்பும் எங்கள் நிறுத்தங்களில் கட்டாயம் நின்று செல்லும் பேருந்து ஒன்றை இயக்க அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டும். இலவசப் பயண அட்டை எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. நிற்கும் பேருந்துதான் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தொடக்க வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலை வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்று தூரத்தை அளந்து வைத்திருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படி யாரும் அளப்பதில்லை. நகரத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல மாணவியர் விடுதியில் கடலோரக் கிராமங்களிலிருந்து அறிவியல் படிக்க வரும் மாணவிகளுக்குச் சேர்க்கையில் முன்னுரிமை தந்தால் அதுவும் பெரிய உதவியாக இருக்கும்.

அடுத்தது அரசு மாதிரிப் பள்ளி பற்றியது. தங்கிப் படிக்கும் வசதியோடு 38 மாவட்டங்களிலும் தொடங்கப்பட்டுள்ள இந்தப் பள்ளிகள் எங்களைப் போன்றவர்களுக்காகவே ஏற்பட்டவை என்று நம்புகிறோம். எனினும் அதற்கு எந்த வகுப்பில், எப்போது, எந்த அடிப்படையில் தெரிவு நடக்கிறது என்பது எங்கள் ஊர்ப் பெற்றோருக்குத் தெரிய வரும்போது சேர்க்கை முடிந்திருக்கிறது. எட்டாம் வகுப்பிலேயே அந்த விவரத்தைத் தமிழில் அச்சிட்டுப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். தேசிய வருவாய் வழித் திறன் தேர்வுக்கும் ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கும் இதையே செய்யலாம். முன்னதில் தேர்ச்சி பெறும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது என்பதையே எங்களில் பலர் அண்மையில்தான் அறிந்தோம்.

மாதிரிப் பள்ளியைக் காட்டி எங்கள் முதல் கோரிக்கையைத் தள்ளிவைத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். நன்றாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகள் அங்கே போய்விட்டால் எங்கள் பள்ளியில் அறிவியல் கேட்பவர் எண்ணிக்கை இன்னும் இரண்டு குறையும். மீதமுள்ளவர்களுக்கு வழி மேலும் அடைபடும். அப்துல் கலாம் அவர்கள் தீவை விட்டு இராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கு வந்து படித்ததை எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் தவறாமல் சொல்கிறார்கள். அது 1940-களில் நடந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஊரை விட்டுக் கிளம்பினால்தான் அறிவியல் படிக்கலாம் என்ற நிலையை எங்கள் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையமும், கடற்பாசி ஆய்வு செய்யும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. அவற்றின் துணையோடு மீன் வளர்ப்பு, கடற்பாசி வளர்ப்பு, படகு எஞ்சின் பழுதுபார்ப்பு ஆகியவற்றைத் தொழிற்கல்விப் பாடமாக ஓரிரு கடலோரப் பள்ளிகளில் தொடங்கலாம். ஆயினும் மீனவர் பிள்ளைகளுக்கு மீன் படிப்பே போதும் என்ற எண்ணத்தில் அறிவியல் பிரிவுக்கு மாற்றாக அது வருமானால், எங்களுக்கு வேண்டாம். இரண்டும் இருந்து, பிள்ளை ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

சேர்க்கைக் காலம் பற்றியும் சொல்ல வேண்டும். விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள். பத்தாம் வகுப்பு முடிவு வருவதும், சான்றிதழ்கள் எடுப்பதும், விடுதிக்கு விண்ணப்பிப்பதும் அந்த நாள்களுக்குள்தான், வீட்டில் காசு இல்லாத நேரத்தில். சில வீடுகளில் தகப்பன் இலங்கைச் சிறையில் இருப்பார். வருமானச் சான்றுக்கும் விண்ணப்பங்களுக்கும் தகப்பன் கையொப்பம் கேட்டு இ-சேவை மையத்துக்கும் பள்ளிக்கும் தாயை அலையவிடாமல், தாயின் கையொப்பத்தை ஏற்கும்படி ஓர் அறிவுரை பிறப்பித்தால் போதும். இதற்குப் பணச் செலவு எதுவும் இல்லை. மே மாதத்தில் கடலோரக் கிராமங்களில் ஒருநாள் சேர்க்கை முகாம் நடத்தினால் இன்னும் நலம்.

மே 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாக நிறைவேற்ற இருக்கிறோம். ஆனால் அதற்குள் வரும் கல்வியாண்டுக்கான ஏற்பாடுகள் முடிந்துவிடக்கூடும் என்பதால் இம்மனுவை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் அளிக்கிறோம். முதன்மைக் கல்வி அலுவலர் எங்கள் பள்ளியைப் பார்வையிட்டு, விருப்பக் கணக்கெடுப்பு நடத்தித் தங்களிடம் அறிக்கை அளிக்க உத்தரவிடுமாறும், அறிவியல் பிரிவு தொடங்க இயலுமா, இயலாதெனில் என்ன காரணம் என்பதைப் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை தொடங்கும் முன் எழுத்து மூலம் எங்களுக்குத் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் உறுப்பினர் மற்றும் பெற்றோர்.

இணைப்பு: பெற்றோர் கையொப்பப் பட்டியல், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல்.

நகல்: முதன்மைக் கல்வி அலுவலர், இராமநாதபுரம்.