கோழி ஃபோவில் மாட்டெலும்புச் சூப்: விளக்கமும் பணமும் கோரி ஒரு கடிதம்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
வியட்னாமிய நூடுல்ஸ் உணவகத் தொடரின் தலைமை அலுவலகம்,
சிங்கப்பூர்.

பொருள்: கோழி ஃபோ (சூப் ஊற்றிய வியட்னாமிய அரிசி நூடுல்ஸ்) என்று விற்ற உணவில் மாட்டெலும்புச் சூப் இருந்தது, மாட்டிறைச்சி ஃபோ ஆறிப்போய் வந்தது.

ஐயா / அம்மையீர்,

உங்கள் செயலி வழியாக நான் அனுப்பிய புகாருக்குப் பதிலாக ஐந்து வெள்ளிப் பற்றுச்சீட்டு ஒன்று வந்தது. மாட்டிறைச்சி உருண்டை வாங்க மட்டுமே அது செல்லும் என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கு மாட்டெலும்புச் சூப் கொடுத்தீர்கள் என்பதுதான் என் புகார். அதைப் படித்த எவரும் இந்தப் பரிசை அனுப்பியிருக்க மாட்டார். இம்முறை மனிதர் ஒருவர் படிப்பார் என்று நம்பி விரிவாகவே எழுதுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைத்தொகுதி ஒன்றில் இருக்கும் உங்கள் கிளைக்கு என் அம்மாவையும், எங்கள் புளோக்கிலேயே குடியிருக்கும் சீன அம்மையார் ஒருவரையும் அழைத்துச் சென்றேன். இருவரும் காலை நடையில் தோழிகளானவர்கள். ஒருவருக்குத் தமிழ், மற்றவருக்கு ஹொக்கியன். சந்தை மலாயில் அவர்கள் பேசித் தீர்க்காத ஊர்க்கதை கிடையாது. மாட்டிறைச்சியைத் தொடாததிலும் இருவரும் ஒன்று. அம்மாவுக்கு அது குடும்ப வழக்கம். அந்த அம்மையாரோ குவான் யின் என்ற சீனப் பெண் தெய்வத்தை வணங்குபவர். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவேன். அது எனக்கும் அம்மாவுக்கும் இடையே நெடுங்காலமாக நிலுவையில் இருக்கும் தனி வழக்கு. அதில் உங்கள் நிறுவனத்துக்குத் தொடர்பில்லை.

மேசையில் ஒட்டியிருந்த குறியீட்டைக் கைபேசியில் படமெடுத்து, உணவுப் பட்டியலைத் திறந்தேன். துளசி எங்கே விளைந்தது, அரிசி நூடுல்ஸ் எத்தனை அகலம், மிளகாய்ச் சாந்தை யார் அரைக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. சூப் எதில் செய்தது என்று ஒரு வரி கிடையாது. ஆகவே பரிமாறிய இளைஞரைக் கூப்பிட்டு, “கோழி ஃபோவில் மாடு எதுவும் சேருமா?” என்று கேட்டேன். “கோழி என்றால் கோழிதான்” என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. இந்தக் கடிதத்தைக் காட்டி அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

நான் கேட்டது பச்சை மாட்டிறைச்சித் துண்டுகள் போட்ட ஃபோ. அதன் நுட்பம் உங்களுக்குத் தெரியாததல்ல. தாள் போல் சீவிய இறைச்சியை நூடுல்ஸ் மேல் பச்சையாகப் பரப்பி, கொதிக்கக் கொதிக்கச் சூப்பை ஊற்றுவார்கள். அந்தச் சூட்டிலேயே இறைச்சி வெந்துவிட வேண்டும். அதற்கு வேறு அடுப்பு கிடையாது. எனக்கு வந்த கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்திப் பிடிக்க முடிந்தது. இறைச்சி சிவப்பு மாறாமல் கிடந்தது. மேலே கொழுப்பு ஆடை கட்டத் தொடங்கியிருந்தது. ஒரு வாய் குடித்ததும் உதட்டில் மெழுகு பூசியதுபோல் படிந்தது. சூடான உணவை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு சொல்கிறது. பச்சை இறைச்சியை வேகவைக்க வேண்டிய சூப்புக்கு அந்த 60கூடப் போதாது.

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நானே முகப்புக்குப் போனேன், ஏனென்றால் அழைக்க ஆள் இல்லை. உங்கள் சமையலறை திறந்த அமைப்பு. அதை நான் பாராட்டுகிறேன், ஏனென்றால் அதனால்தான் உண்மை தெரிந்தது. அடுப்பில் இருந்தது ஒரே அண்டா. சமையல்காரர் அதிலிருந்து ஒரு கரண்டி மொண்டு என் கிண்ணத்தில் ஊற்றினார். அடுத்த கரண்டியை, கோழித் துண்டுகள் அடுக்கியிருந்த இன்னொரு கிண்ணத்தில் ஊற்றினார்.

மேற்பார்வையாளரைக் கேட்டேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்: சூப் மத்தியச் சமையற்கூடத்திலிருந்து சுண்டவைத்த நிலையில் பைகளில் வருகிறது, மாட்டெலும்பும் கோழியெலும்பும் சேர்த்துக் காய்ச்சியது, கிளையில் வெந்நீர் கலந்து எல்லாக் கிண்ணங்களுக்கும் அதையே ஊற்றுகிறார்கள். “இதுவரை யாரும் கேட்டதில்லை” என்றும் சேர்த்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா பாதிக்கு மேல் குடித்திருந்தார். அந்த அம்மையார் கடைசிச் சொட்டுக்காகக் கிண்ணத்தை வாயருகே தூக்கியிருந்தார்.

அவர்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அதை நான் எப்படிச் சொன்னேன், அதன்பின் மேசை எப்படி இருந்தது என்பதை எழுதப் போவதில்லை.

ஒரே சூப்பை இரண்டுக்கும் ஊற்றுவது பல கடைகளில் நடப்பதுதான் என்று நீங்கள் சொல்லலாம். நடக்கிறது, தெரியும். ஜூ சியட் சாலையில் வரிசையாக வியட்னாமியக் கடைகள் இருக்கின்றன. நான் வழக்கமாகப் போகும் சிறிய கடையில் இதே கேள்வியைக் கேட்டால், உரிமையாளர் அம்மா இரண்டு பானைகளையும் கையால் சுட்டிக் காட்டுவார். ஒரே பானை வைத்திருக்கும் கடைக்காரர், “உங்களுக்கு வேண்டாம்” என்று நேராகவே சொல்லிவிடுவார். எத்தனை பானை என்பது உங்கள் விருப்பம். அதை மறைப்பதுதான் என் புகார்.

இன்னொன்றும் உண்டு. 1954இல் வியட்னாம் பிரிந்தபோது வடக்கிலிருந்து சைகோனுக்குக் குடிபெயர்ந்தவர்கள் கொண்டுசென்ற செய்முறை என்று உங்கள் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். வரலாற்றைச் சொல்வதானால் முழுவதும் சொல்லலாமே. 1930களின் இறுதியில் வாரத்தில் சில நாள்கள் மாட்டிறைச்சி விற்கப்படாததால் பிறந்ததுதான் கோழி ஃபோ என்பது ஹனோயில் பரவலாகச் சொல்லப்படும் கதை. மாடு இல்லாத நாளுக்கென்று உண்டான உணவில் நீங்கள் மாட்டெலும்பைக் காய்ச்சி ஊற்றுகிறீர்கள். சுட்ட இஞ்சியும் வெங்காயமும் நட்சத்திரச் சோம்பும் பட்டையும் அந்தச் சூப்பில் மணத்தன என்பதை மறுக்கவில்லை. மணமாக இருந்ததால்தான் அவர்கள் இருவரும் அவ்வளவு குடித்தார்கள்.

இனி ரசீது. 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 9 விழுக்காடு பொருள் சேவை வரி. வரி அரசாங்கத்துக்குப் போகிறது, அதில் எனக்கு வழக்கில்லை. சேவைக் கட்டணம் எதற்கு? உணவை என் கைபேசியில் நானே பதிந்தேன். குச்சிகளை மேசை இழுப்பறையிலிருந்து நானே எடுத்தேன். தண்ணீரை நானே பிடித்தேன். ஆறிய கிண்ணத்தை அடுப்புவரை நானே சுமந்தேன். கேட்காமலே மேசையில் வைத்திருந்த ஈரத்தாளுக்குத் தலைக்கு 50 காசு தனி. உங்கள் ஊழியர் எனக்குச் செய்த ஒரே சேவை, என் கேள்விக்குத் தவறான பதில் சொன்னது.

நான் கேட்பவை இவை. இரண்டு கோழி ஃபோவுக்கும் 27.80 வெள்ளி, கட்டணமும் வரியும் சேர்த்து 33.33 வெள்ளி, அது பணமாகவே திரும்ப வர வேண்டும். மாட்டிறைச்சி ஃபோவுக்கு ஒன்றும் கேட்கவில்லை, அதை இரண்டாம் முறை சுடவைத்து வாங்கிச் சாப்பிட்டேன். உங்கள் உணவுப் பட்டியலில் ஒவ்வொரு ஃபோவின் கீழும் அதன் சூப் எந்த எலும்பில் காய்ச்சியது என்று எழுத வேண்டும், எல்லாக் கிளைகளிலும். பட்டியல் கைபேசித் திரையில்தானே இருக்கிறது, அச்சுச் செலவுகூடக் கிடையாது. பரிமாறுபவர்களுக்கும் அதைச் சொல்லித் தர வேண்டும். காய்கறி ஃபோ என்று ஒன்று விற்கிறீர்கள். அதில் ஊற்றுவது எந்த அண்டாச் சூப் என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வாங்குபவர் ஏமாறும்படி ஒன்றைச் சொல்வது மட்டுமன்றி, சொல்லாமல் விடுவதும் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிகம்) சட்டத்தில் நியாயமற்ற செயலாகக் கருதப்படும். இரண்டு வாரங்களுக்குள் பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் முறையிடுவேன். ரசீதின் நகலும், அண்டாவின் படமும் இணைத்திருக்கிறேன். உங்கள் பற்றுச்சீட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்