இடியின் பெயர் தாங்கிய கப்பலின் மாலுமிகளுக்கு

ஜப்பானின் யொகோசுகா துறைமுகத்து ‘இகாசுச்சி’ போர்க்கப்பலின் தலைவருக்கும் மாலுமிகளுக்கும்,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன். முப்பத்தோரு வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பதினோரு வருடம் போசன், அதாவது டெக் மாலுமிகளின் மேஸ்திரி. போர்க்கப்பல் எதிலும் நான் ஏறியதில்லை. ஆனாலும் உங்கள் கப்பலின் பெயரை இருபது வருடமாக மனதில் வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் மொழியில் இகாசுச்சி என்றால் இடி. அந்தப் பெயரில் முன்பு ஒரு நாசகாரிக் கப்பல் இருந்தது. 1932-இல் கடற்படையில் சேர்ந்தது, ஆட்கள் சுமார் 220 பேர். அதோடு பிறந்த சகோதரிக் கப்பல்கள் மூன்று: அகாட்சுகி, ஹிபிகி, இனாசுமா. அந்தப் பெயர்களுக்கு வரிசையாக விடியல், எதிரொலி, மின்னல் என்று பொருள். கப்பல்களுக்கு இவ்வளவு அழகாகப் பெயர் வைத்தவர்கள் அவற்றை எதற்குக் கட்டினார்கள் என்பதும் நமக்குத் தெரியும். 1941 டிசம்பரில் ஹாங்காங்கைச் சுற்றி வளைத்த கப்பல்களில் இகாசுச்சியும் ஒன்று. பிறகு தெற்கே இறங்கி, டச்சுக்காரர்களின் தீவுகளைப் பிடிக்கப் போன படையோடு சேர்ந்தது.

1942 மார்ச் 1-ஆம் தேதி, ஜாவாவின் சுரபாயா துறைமுகத்திலிருந்து தப்பிக்கப் பார்த்த மூன்று கப்பல்கள் ஜாவா கடலில் சிக்கின. பிரிட்டிஷ் குரூசர் (நாசகாரியைவிடப் பெரிய போர்க்கப்பல்) எக்ஸிடர், பிரிட்டிஷ் நாசகாரி என்கவுன்டர், அமெரிக்க நாசகாரி போப். மூன்றும் மூழ்கின. எக்ஸிடரின் ஆட்களில் பலரை மின்னல் அன்றே தூக்கிவிட்டது. மற்றவர்கள் எண்ணெய் படர்ந்த தண்ணீரில் ராத்திரி முழுக்கக் கிடந்தார்கள். மறுநாள் காலையில் அவர்கள் பக்கமாக வந்தது உங்கள் இடி.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே கடலில், சுரபாயாவுக்கு வடக்கே, கவிழ்ந்த மீன்பிடிப் படகிலிருந்து நாலு பேரை நாங்கள் தூக்கியிருக்கிறோம். அலைக்கு நடுவே ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது. ஒரு கணம் கண்ணை எடுத்தால் மறுபடி பிடிக்க முடியாது. எண்ணெய் பட்ட கை கயிற்றேணியில் நிற்காது, வழுக்கும். எனக்கு மறக்காதது இன்னொன்று. மூன்றாவது ஆள் கயிற்றைப் பிடித்துவிட்டான். பிடித்ததும் எங்களைப் பார்த்துச் சிரித்தான். அத்தோடு கை விட்டுப்போனது. அதுவரை அவனைத் தாங்கியது உடம்பின் பலம் அல்ல, மனசின் பிடி. காப்பாற்ற ஆள் வந்தாயிற்று என்றதும் மனசு இளகிவிடுகிறது. எங்கள் பையன் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக் குதித்திராவிட்டால் அவன் போயிருப்பான்.

இகாசுச்சியிலும் இதேதான் நடந்தது என்று பின்னாளில் படித்தேன். பக்கத்தில் வந்தவர்கள் ஏறத் தெம்பில்லாமல் அமிழ்ந்தார்கள். ஜப்பானிய மாலுமிகள் தண்ணீரில் குதித்து அவர்களைக் கயிற்றில் கட்டினார்கள். படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. நாங்கள் தூக்கியது நாலு பேர். எங்களைக் குறிவைத்து எந்த நீர்மூழ்கியும் அடியில் இல்லை. இகாசுச்சியின் தலைவர் குடோ ஷுன்சாகு, அமெரிக்க நீர்மூழ்கிகள் திரிந்த கடலில், பட்டப்பகலில் இன்ஜினை நிறுத்தினார். நின்ற போர்க்கப்பல் எவ்வளவு சுலபமான குறி என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றப்பட்டவர்கள் 442 பேர் என்பது கணக்கு. கப்பலின் சொந்த ஆட்களைப் போல இரண்டு மடங்கு எதிரிகள் டெக்கில். அவர்கள் மனது வைத்தால் கப்பலைப் பிடித்திருக்கலாம். குடோ அவர்களுக்கு எண்ணெயைத் துடைக்கத் துணி கொடுத்தார், சாப்பாடு கொடுத்தார். அதிகாரிகளைக் கூப்பிட்டு, நீங்கள் வீரமாகப் போரிட்டீர்கள், இன்று எங்கள் கடற்படையின் விருந்தினர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இது வெளியே வந்ததே தண்ணீரில் கிடந்த ஒருவரால். என்கவுன்டரின் இளம் அதிகாரி சாமுவேல் ஃபால். ஜப்பானியக் கப்பல் நெருங்கியபோது இயந்திரத் துப்பாக்கியால் சுடப்போகிறார்கள் என்றுதான் நினைத்தாராம். போருக்குப் பிறகு தூதராகப் பல நாடுகளில் இருந்தார். குடோவைத் தேடி 2003-இல் ஜப்பான் வந்தார். குடோ 1979-லேயே இறந்திருந்தார். வீட்டில்கூட இதைப் பற்றி வாய் திறந்ததில்லையாம். 2008 டிசம்பரில், எண்பத்தொன்பது வயதில், ஃபால் மறுபடியும் வந்து கவாகுச்சியில் இருந்த கல்லறையில் நின்று நன்றி சொன்னார்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் நாட்டில் இப்போது குடோவின் பெயர் பரவலாகத் தெரிகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. வருத்தம், அது சொல்லப்படும் விதத்தில். ‘பழைய கடற்படையின் மரபு இது, சாமுராய் ரத்தம் இது’ என்று முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது குடோவின் உயரம் குறைந்துபோகிறது என்பதுதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது.

இன்னொரு கப்பலின் பெயரைச் சொல்கிறேன். பெஹார். பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். அதன் மாலுமிகளில் இந்தியர்களும் இருந்தார்கள். 1944 மார்ச்சில் பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தபோது உங்கள் பழைய கடற்படையின் குரூசர் டோனே அதை மூழ்கடித்தது. தண்ணீரிலிருந்து நூறு பேருக்கு மேல் தூக்கவும் செய்தது. சில நாள் கழித்து, மேலிடத்து உத்தரவின்படி, அவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை டெக்கில் வைத்தே கொன்று கடலில் போட்டார்கள். உத்தரவுக்குப் பொறுப்பான அட்மிரல் சகோஞ்சு 1948-இல் தூக்கிலிடப்பட்டார். டோனேயின் கேப்டன் அந்த உத்தரவை மாற்றப் பார்த்தவர் என்றும் சொல்கிறார்கள். மாறவில்லை என்றதும் நிறைவேற்றினார்.

அதே கொடி. அதே பயிற்சி. இடைவெளி இரண்டே வருடம். மரபுதான் 442 பேரைத் தூக்கியது என்றால், பெஹாரின் ஆட்களைக் கொன்றது எது? குடோ செய்தது அன்று காலை ஒரு மனிதர் எடுத்த முடிவு. அதற்கு அவர் தன் கப்பலையும் 220 உயிர்களையும் பணயம் வைத்தார். அதை மரபின் கணக்கில் எழுதினால் அவர் கையில் மிச்சம் என்ன இருக்கிறது? சரக்குக் கப்பல்காரன் நான். பெஹாரில் இருந்தவர்கள் என் தொழில்காரர்கள். அவர்களை விட்டுவிட்டு குடோவை மட்டும் கொண்டாட என்னால் முடியவில்லை. ஆனால் பெஹாரைத் தெரிந்துகொண்ட பிறகுதான் குடோ மேல் என் மரியாதை பல மடங்கானது. இது உண்மை.

கதையின் பின்பாதியும் அப்படித்தான். இகாசுச்சி தூக்கியவர்கள் ஒருநாள்தான் விருந்தினர்கள். மறுநாள் கைதிகளாக ஒப்படைக்கப்பட்டார்கள். மூன்றரை வருடச் சிறை. செலிபிஸ் (இன்றைய சுலவேசி) தீவில் மக்காசர் முகாமில் பசியிலும் நோயிலும் அடியிலும் பலர் செத்தார்கள். குடோவின் கை அங்கே எட்டவில்லை. நானூறு பேரைத் தூக்கிய மாலுமிகளுக்கு அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று தெரிந்திருக்குமா என்று அடிக்கடி யோசிப்பேன்.

அந்த மாலுமிகள் என்ன ஆனார்கள்? பசிபிக்கின் வடக்கே அலூஷியன் தீவுகளின் குளிரிலும் தெற்கே குவாடல்கனால் தீவின் இருட்டிலும் இகாசுச்சி போரிட்டது. 1942 நவம்பரில் குவாடல்கனால் பக்கத்தில் விடியல் மூழ்கியது, இடி அடிபட்டுத் தப்பியது. குடோ அதற்கு முன்பே ஹிபிகிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். 1944 ஏப்ரலில், குவாமுக்குத் தெற்கே, சரக்குக் கப்பல் ஒன்றுக்குக் காவலாகப் போகும்போது அமெரிக்க நீர்மூழ்கி ஹார்டர் விட்ட டார்பிடோக்கள் இகாசுச்சியைப் பிளந்தன. ஒருவர்கூட மிஞ்சவில்லை. அடுத்த மாதம் மின்னல் மூழ்கியபோது தண்ணீரில் கிடந்தவர்களைத் தூக்க எதிரொலி வந்தது. இடியில் இருந்தவர்களைத் தூக்க யாரும் வரவில்லை. நாலு சகோதரிகளில் போர் முடியும்போது மிதந்தது எதிரொலி மட்டும்தான்.

என் வேண்டுகோள் பெரியதல்ல. உங்கள் கப்பலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் மார்ச் 2-ஆம் தேதியைப் பற்றிச் சொல்லும்போது மக்காசரையும் சொல்லுங்கள், பெஹாரையும் சொல்லுங்கள். குடோவுக்கு எப்படிப்பட்ட உத்தரவும் வந்திருக்கக்கூடும் என்று அவர்களுக்குப் புரியட்டும். கயிறு இறக்கியவர்களும் தண்ணீரில் குதித்தவர்களும் ஒரு தனி மனிதரின் பெயருக்குப் பின்னால் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களில் எத்தனையோ பேர் குவாமுக்குத் தெற்கே கிடக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஜாவா கடலில் என்கவுன்டரும் எக்ஸிடரும் கிடந்த இடத்தை முக்குளிப்பவர்கள் 2007-இல் கண்டுபிடித்தார்கள். அடுத்த பத்து வருடத்துக்குள் அவற்றில் பெரும்பகுதியைப் பழைய இரும்புக்காகத் திருடர்கள் வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கம்பக்கத்தில் கிடந்த டச்சுக் கப்பல்களுக்கும் அதே கதிதான். உள்ளே மனித எலும்புகள் இருந்தன. பிரிட்டனும் நெதர்லாந்தும் இதைக் கண்டித்துப் பேசுகின்றன. அந்தக் கப்பல்களை மூழ்கடித்த நாட்டின் கடற்படையும் அவர்களோடு சேர்ந்து இந்தோனேசியாவிடம் கேட்டால், அந்தக் குரலுக்குத் தனி எடை இருக்கும். மிதந்தவர்களை உங்கள் முன்னோர் தூக்கினார்கள். மிதக்காமல் போனவர்களுக்காகப் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உங்கள் கப்பல் எப்போதாவது சுரபாயாப் பக்கம் போனால், காலை பத்து மணிவாக்கில், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் இன்ஜினை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடியிலிருந்து ஒரு பழைய போசன்