மருந்தை அட்மிஷன் இரவில் அல்ல, மயக்க மருந்துக்கு முந்தைய பரிசோதனை (பி.ஏ.சி.) நாளிலேயே எழுதுங்கள்

மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் அறுவை சிகிச்சை, மயக்கவியல் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு நோயாளி முந்தின நாள் மாலை அட்மிட் ஆகிறார். அவர் சாப்பிடும் மருந்துகளை டியூட்டி டாக்டர் அன்றிரவுதான் கணினியில் ஏற்றுகிறார். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. ரத்தக்கசிவு அபாயமுள்ள அறுவை என்றால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளில் வார்ஃபரினை 5 நாள் முன்பும், குளோபிடோக்ரலை 5 முதல் 7 நாள் முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும். சர்க்கரை நோய் மருந்தான டாபாகிளிஃப்ளோசினை 3 நாள் முன்பு. ஆகவே மருந்துகளை பி.ஏ.சி. அன்றே மின்னணு முறையில் எழுதி வைக்குமாறு மருந்தாளுநர்களாகிய நாங்கள் கேட்கிறோம்.

எங்களை மிகவும் கவலைப்படுத்துவது கூட்டு மாத்திரைகள். டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை இந்தியாவில் 2020-ல் முடிந்தபின், மெட்ஃபார்மின், சிட்டாகிளிப்டின் ஆகிய மற்ற சர்க்கரை மருந்துகளோடு சேர்ந்து அது எத்தனையோ பெயர்களில் வருகிறது. அட்டையில் பிராண்டு பெயர் பெரிதாக இருக்கும், உள்ளடக்கம் பொடி எழுத்தில். நோயாளி “சர்க்கரை மாத்திரை” என்று மட்டுமே சொல்வார். நிறுத்தாமல் பட்டினியோடு அறுவைக்குப் போனால், சர்க்கரை 250-க்குக் கீழே இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் ஏறலாம். குளுக்கோமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒரே காப்ஸ்யூலில் இருந்தால் சிக்கல் வேறு. இதய மருத்துவர் குளோபிடோக்ரலை மட்டும் நிறுத்தச் சொல்லியிருப்பார். காப்ஸ்யூலையே நிறுத்தினால் ஆஸ்பிரினும் போய்விடும். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் உள்ளவருக்கு அது அடைப்பில் கொண்டுபோய் விடலாம். கூட்டு மருந்தைத் தேர்ந்தெடுத்ததும் மென்பொருள் அதைப் பிரித்துக் காட்டி, தொடர்வதா நிறுத்துவதா என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். ஆஸ்பிரின் 75 மி.கி.க்குத் தனிச் சீட்டும் வர வேண்டும்.

இப்போது பி.ஏ.சி.யில் எழுதுவது ஓ.பி. (வெளிநோயாளி) எண்ணிலேயே தங்கிவிடுகிறது. புது ஐ.பி. (உள்நோயாளி) எண் விழுந்ததும் வார்டில் வெற்றுத் திரைதான். இரண்டையும் இணைத்தால் மட்டும் போதாது. அட்மிஷனோடு எல்லா மருந்தும் தானாக நடப்புக்கு வந்தால், நிறுத்திய வார்ஃபரின் அன்றிரவே நர்ஸின் பட்டியலில் நிற்கும். எல்லாம் ஹோல்டில் (நிறுத்திவைப்பில்) காத்திருக்க, வார்டு மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்து விடுவிக்க வேண்டும்.

நிறுத்தும் நாளைக் காலண்டர் தேதியாகப் பதியாமல் அறுவை நாளோடு கட்டுங்கள். அறுவை ஒரு வாரம் தள்ளிப்போனால் அந்தத் தேதிகளும் நகர்ந்து, நோயாளிக்குப் போன் போக வேண்டும். இல்லையென்றால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (ஒழுங்கற்ற இதயத் துடிப்பு) உள்ளவர் 12 நாள் வார்ஃபரின் இல்லாமல் இருப்பார்.

தொற்றைத் தடுக்கும் ஆன்டிபயாடிக்கான செஃபசோலின் 2 கிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போக வேண்டிய ஊசி. காலை 8 மணி மருந்தாக ஏற்றினால் வார்டிலேயே போட்டுவிடுவார்கள். 11 மணி கேஸுக்கு அது பத்தாது. அறுவை அரங்கில் (ஓ.டி.) மட்டும் திறக்கும் ஆர்டராக வையுங்கள்.

நிறுத்தக் கூடாதவையும் உண்டு: இதயத்துக்கான பீட்டா பிளாக்கர், வலிப்பு மருந்து, பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா. “வாய்வழி எதுவும் கூடாது” என்று எழுதியதும் இவையும் நின்றுபோகின்றன. “அறுவை அன்று காலை ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்கவும்” என்பது அந்தந்த மருந்தின் வரியிலேயே தெரிய வேண்டும்.

நோயாளி கையில் தமிழில் அச்சிட்ட தாள் ஒன்று போகட்டும்: அட்டையில் உள்ள பிராண்டு பெயர், கடைசி வேளை எந்தக் கிழமை, யாரைக் கூப்பிடுவது. மூட்டு மாற்று அறுவைப் பிரிவில் தொடங்கலாம். மாத்திரை அட்டைகளைப் பார்த்துப் பட்டியலைச் சரிபார்க்க, பி.ஏ.சி. அறையில் மருந்தாளுநருக்கு ஒரு மேசையும் ஒரு லாகினும் தாருங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனை மருந்தாளுநர்கள்