வாகன எண்ணிக்கைக் கோப்புகள்: வெள்ளி மாலைக்குள் தேவை

அனைவருக்கும் வணக்கம். வட்டாரப் போக்குவரத்தைக் கணிக்கும் கணினி மாதிரிக்கான வாகன எண்ணிக்கைக் கோப்புகளை வரும் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் பொதுக் கோப்புறையில் சேர்த்துவிடுங்கள்.

1. 15 நிமிட இடைவெளியில், திசைவாரியாக. ஒரு திசைக்கு நாளொன்றுக்கு 96 வரிகள் இருக்க வேண்டும்.
2. கருவி நின்றுபோன நேரத்துக்கு 0 போடாதீர்கள், காலியாக விடுங்கள். 0 என்றால் வண்டியே ஓடவில்லை என்று மாதிரி நம்பிவிடும். அதற்குச் சந்தேகப்படத் தெரியாது.
3. சாலையின் குறுக்கே போடும் ரப்பர் குழாய்க் கருவி எண்ணுவது வண்டிகளை அல்ல, அவற்றின் சக்கர அச்சுகளை. அச்சுத் திருத்தம் (அச்சு எண்ணிக்கையை வண்டி எண்ணிக்கையாக மாற்றுவது) செய்தாயிற்றா என்று குறிப்பிடுங்கள். லாரிகளுக்கு இரண்டுக்கு மேல் அச்சுகள் இருக்கலாம் என்பதால், லாரிகள் மிகுந்த சாலைகளுக்கு இது கட்டாயம்.
4. மழை, விடுமுறை, சாலைப்பணி இருந்தால் எழுதுங்கள்.
5. மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம்.

எத்தனை இடங்களின் தரவு தயார் என்பதைப் புதன்கிழமைக்குள் இங்கே பதிலிடுங்கள். கட்டைவிரல் குறி மட்டும் போதாது, எண் வேண்டும்.